சாகாமல் திரும்பிய குற்றம்

ஆள்சேர்ப்பு முகாமில் விடியற்காலை நாலு மணிக்கே வந்து வரிசையில் நிற்கிற தம்பி, 1,600 மீட்டர் ஓடி முடித்து மூச்சு வாங்குகிறாயே, உனக்கு ஒரு யோசனை. உன் உயரத்தையும் மார்பையும் அவர்கள் அளந்துகொள்வார்கள். நீ அளந்து பார்க்க வேண்டியவை வேறு. நீ எந்த மாநிலத்துப் பிள்ளை? அங்கே அடுத்த தேர்தல் எப்போது? உன் முதலமைச்சருக்கு டில்லி ஆசை உண்டா? இதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு சேர். துப்பாக்கி பிடிப்பது எப்படி என்று பிறகு அவர்களே சொல்லித் தருவார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்விட்டார்கள். கல்லாலும் ஆணி பதித்த தடியாலும் நடந்த சண்டை. அடித்த சீனச் சிப்பாய் யாரிடமும் 'உனக்கு எந்த மாநிலம்?' என்று கேட்டுவிட்டு அடிக்கவில்லை. சவப்பெட்டி ஊர் வந்து சேர்ந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டவை நம் மாநில அரசுகள்.

தெலங்கானா, கர்னல் சந்தோஷ் பாபுவின் குடும்பத்துக்கு 5 கோடி ரூபாயும், ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் வீட்டுமனையும், மனைவிக்குத் துணை ஆட்சியர் பதவியும் கொடுத்தது. தமிழ்நாடு, ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் குடும்பத்துக்கு 20 லட்சமும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. மேற்கு வங்கம் தன் வீரர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சமும் ஒருவருக்கு வேலையும் என்றது. பஞ்சாப், 10 லட்சம் என்றிருந்ததை 50 லட்சமாக ஏற்றியது. 5 லட்சத்துக்கும் 5 கோடிக்கும் நடுவில் நூறு மடங்கு. ஒரே சண்டை, ஒரே இரவு; காய்கறி மண்டியில்கூட ஒரே நாளில் தக்காளி விலை ஊருக்கு ஊர் இத்தனை ஏறி இறங்காது.

கர்னல் வேறு, சிப்பாய் வேறு என்று யாராவது கை தூக்குவார்கள். பதவிக்கேற்ற ஓய்வூதியத்தை ராணுவம் தனியாகக் கொடுத்துவிடுகிறது ஐயா. மாநிலம் கொடுப்பது இழப்புக்கு. அப்பன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும்போது, 'உங்கப்பா கர்னலா, ஹவில்தாரா?' என்று கேட்டா ரசீது போடுகிறார்கள்? சந்தோஷ் பாபு குடும்பத்துக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்தது எந்தக் கணக்கில் குறைந்தது என்று கேட்கிறேன். கணக்கு எதுவும் இல்லை என்பதுதான் விடை. அன்றைக்கு எத்தனை கேமரா வந்தது, எந்தக் கட்சி முந்திக்கொண்டது, பக்கத்து மாநிலம் எவ்வளவு அறிவித்தது என்பதைப் பொறுத்துத் தொகை முடிவாகிறது. மத்திய அரசின் கருணைத்தொகைக்காவது ஓர் அட்டவணை உண்டு: இறந்த சூழ்நிலையைப் பொறுத்து 25 லட்சம் முதல் 45 லட்சம் வரை, காஷ்மீர் வீரனுக்கும் கன்னியாகுமரி வீரனுக்கும் ஒரே அளவு. மாநிலங்களிடம் இருப்பது முதலமைச்சரின் அன்றைய மனநிலை.

அடுத்தது டில்லி ஆசை. கல்வானில் இறந்த மற்ற 19 பேரின் குடும்பங்களுக்கும் தலா 10 லட்சம் தருவோம் என்று தெலங்கானா முதல்வர் சந்திரசேகர ராவ் 2020 ஜூனிலேயே அறிவித்தார். பெருந்தன்மைதான். வங்கிப் பரிமாற்றத்தில் அரை நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய பணம். ஆனால் ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கு அந்தக் காசோலை 2022 மார்ச் 4 அன்றுதான் ராஞ்சி போய்ச் சேர்ந்தது. முதல்வரே விமானம் ஏறிக் கொண்டுபோனார். அந்த மாநில முதல்வர் பக்கத்தில் நிற்க, படம் எடுக்கப்பட்டது. பஞ்சாப் குடும்பங்கள் மே மாதம்வரை காத்திருந்து சண்டிகரில் வாங்கிக்கொண்டன. அங்கே கேஜ்ரிவாலும் பகவந்த் மானும் மேடையில் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தெலங்கானா ராஷ்டிர சமிதி, பாரத் ராஷ்டிர சமிதி ஆனது. கைம்பெண்ணின் கண்ணீர் இருபது மாதம் காத்திருந்தது ஒரு கட்சி தன் பெயர்ப் பலகையை மாற்றத் தயாராகும்வரை.

ராஞ்சியில் காசோலை கொடுத்து எட்டே நாள்தான் ஆகியிருந்தது. மார்ச் 12 அன்று தெலங்கானா சட்டமன்றத்தில் முதல்வரின் மகனும் நகராட்சி அமைச்சருமான கே.டி. ராமாராவ் எழுந்தார். செகந்திராபாத்தில் ராணுவத்தினர் இஷ்டத்துக்குச் சாலைகளை மூடுகிறார்கள், இப்படியே போனால் அவர்களுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவோம் என்றார். சாலையை மூடினால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுற்றிக்கொண்டு போகிற மக்களின் கோபம் நியாயமானது. ராணுவம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த நியாயத்தை வாங்கித் தர அமைச்சர் கண்டுபிடித்த கருவியைப் பார் தம்பி. முகாமில் இருப்பவன் செத்தால் அப்பா காசோலையோடு வருவார். உயிரோடு இருந்தால் மகன் குழாயை மூட வருவார். ஒரே குடும்பம், ஒரே அரசு, ஒரே மாதம்.

பிறக்கிற ஊரையும் கவனித்துப் பிற. பீரங்கி சுட்டுப் பழக ராணுவத்துக்கு இடம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. 1938-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதன்படி, எந்த ஊர்கள் மீது குண்டு பறக்கலாம் என்று அறிவிக்கை போடும் உரிமை மாநில அரசுக்கு. இன்றைய ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட் மலைப்பகுதியில் 1964 முதல் சுட்டுப் பழகினார்கள். சுடுகிற நாளில் ஆதிவாசிகள் ஆடுமாட்டோடு ஊரைக் காலிசெய்து காட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அந்த அறிவிக்கை 245 கிராமங்களை விழுங்குகிற அளவுக்கு விரிந்தது. 1994 மார்ச்சில் மக்கள் சாலையில் உட்கார்ந்துகொண்டார்கள். ராணுவ வண்டிகள் திரும்பிப் போயின. அதற்குப் பிறகு அங்கே பயிற்சி நடக்கவில்லை. ஆனால் காகிதத்தில் மட்டும் அறிவிக்கை சாகவில்லை. பீகார் பிரிந்து ஜார்க்கண்ட் ஆனது, ஆதிவாசி முதலமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். 2022 மே மாதம்வரை அறிவிக்கைக்கு ஆயுள் இருந்தது. இனி நீட்டிப்பதில்லை என்று ஜார்க்கண்ட் அரசு வாய் திறந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில்.

அந்த அறிவிக்கைக்குள் ஊர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் ஒன்று கும்லா. 1971 போரில் கங்காசாகரில் உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவின் சொந்த மண் அது. எக்காவுக்கு ராஞ்சியின் நடுச்சந்தியில் சிலை வைத்தார்கள்; சந்திக்கே அவர் பெயரை வைத்தார்கள். அவர் சனங்களின் ஊர்களைப் பீரங்கிக்குக் குறித்துவைத்திருந்த காகிதத்தைக் கிழிக்க மட்டும், மக்கள் மறித்த நாளிலிருந்து 28 ஆண்டு பிடித்தது. சிலை வைக்க ஒரு கொத்தனார் போதும். காகிதத்தைக் கிழிக்கத்தான் முதுகெலும்பு தேவைப்படுகிறது.

மும்பை கொலாபாவுக்கு வா. கடல் பார்த்த இடம். பாதுகாப்புப் படையினருக்கு வீடு என்று சொல்லி, கார்கில் தியாகத்தின் பெயரையும் இழுத்துவிட்டு, மகாராஷ்டிர அரசிடம் நிலம் கேட்டது ஆதர்ஷ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். தியாகத்தின் பெயரைக் கேட்டதும் மந்திராலயத் தலைமைச் செயலகத்தில் எல்லாருக்கும் மெய்சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்குவதற்குள் கோப்பு ஓடியது. அது போன மேசைகளுக்குச் சொந்தக்காரர்கள் பலர் கடைசியில் ஏதோ ஒரு வகையில் அந்த வீடுகளுக்கு உறவுக்காரர்கள் ஆனார்கள். கட்டடம் 31 மாடி உயர்ந்தது. உறுப்பினர் பட்டியலில் அரசியல்வாதிகளின் சொந்தங்கள், ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், முன்னாள் ராணுவத் தளபதிகள் இருவர், முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் எல்லாரும் இருந்தார்கள். விவகாரம் வெடித்த பிறகு, கார்கில் விதவைகளுக்கானது என்று தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி தளபதிகள் வீடுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இமயமலைக்கு அப்பால் எதிரி நடமாடினாலும் மோப்பம் பிடிக்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருப்பது தெரியவில்லை!

முதல்வர் அசோக் சவான் 2010 நவம்பரில் பதவி விலகினார். நீதி விசாரணை ஆணையம் அமைந்தது. 102 உறுப்பினர்களில் 25 பேர் தகுதியற்றவர்கள், 22 வீடுகள் பினாமிப் பெயரில் வாங்கியவை என்றது ஆணையம்; முன்னாள் முதல்வர்கள் பலரின் அரசியல் ஆதரவு இருந்ததையும் சுட்டிக்காட்டியது. கூடவே இன்னொரு முத்தையும் உதிர்த்தது: நிலம் மாநில அரசுடையது, கார்கில் குடும்பங்களுக்கென்று அது ஒதுக்கப்படவே இல்லை. இதைக் கேட்டுத் திருடியவர்களுக்கு ஆறுதல். நமக்கு வர வேண்டியது அதைவிடப் பெரிய கோபம். தியாகத்தின் பெயரைக் கோப்பில் பயன்படுத்திக்கொண்டார்கள்; தியாகிக்கு அதில் ஒரு செங்கல்லைக்கூட எழுதிவைக்கவில்லை.

2013 டிசம்பரில் மாநில அரசு ஆணைய அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்த கையோடு நிராகரித்தது. ராகுல் காந்தி முகம் சுளித்ததும், 2014 ஜனவரியில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டது: அதிகாரிகள் மீது நடவடிக்கை உண்டு, அமைச்சர்கள் மீது இல்லை. 2016 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் கட்டடத்தை இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் இடிப்பை நிறுத்திவைத்து, மத்திய அரசு கையகப்படுத்தட்டும் என்றது. சவான் மீது வழக்குத் தொடர ஆளுநர் தந்த அனுமதியை 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில் மோடி அரசு நாடாளுமன்றத்தில் வைத்த வெள்ளை அறிக்கையின் முந்தைய ஆட்சி ஊழல் பட்டியலில் ஆதர்ஷும் இருந்தது. ஒரு வாரம்கூட முடியவில்லை; அசோக் சவான் பா.ஜ.க.வில் சேர்ந்தார், மாநிலங்களவைக்குப் போனார். அந்த வாரத்தோடு ஆதர்ஷ் ஊழலாக இருப்பதை நிறுத்திக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம்.

இத்தனை கலாட்டாவில் சாதாரண ஜவானுக்கு ஆதர்ஷில் கடைசிவரை இடமே கிடைக்கவில்லையா என்று நீ வருந்தாதே தம்பி. கிடைத்தது. 2016-இல் மத்திய அரசு கட்டடத்தைக் கையகப்படுத்தியபோது பொறுப்பேற்றது ராணுவம். அங்கே ஜவானுக்குக் கிடைத்த இடம், வாசல்.

அந்த வாசலை மனதில் வைத்துக்கொள். நீ சாகாமல் திரும்பி வந்துவிட்டால் எல்லா மாநிலமும் எல்லாக் கட்சியும் உனக்காக யோசித்து வைத்திருக்கிற ஒரே இடம் அதுதான். ஆண்டுதோறும் 60,000 பேர் போலப் படையிலிருந்து ஓய்வுபெறுகிறார்கள். பெரும்பாலோர் சிப்பாய்கள்; முடி நரைக்காத வயது, பிள்ளைகள் இன்னும் பள்ளியில். வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ஊரார் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அத்தனை வீடுகளில் படைக்குப் போனவர்கள். திரும்பி வருகிறவர்களில் ரேடார் இயக்கியவர், டாங்கி இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர், குண்டடி பட்டவனுக்குப் பனியில் ரத்தம் ஏற்றியவர் எல்லாரும் உண்டு. நம் அரசுகளின் கண்ணுக்கு எல்லாரும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள்: காக்கி, விசில், லத்தி, நாற்காலி.

தமிழ்நாடு அரசு 1986-இல் முன்னாள் படைவீரர் கழகம் தொடங்கியது; டெக்ஸ்கோ என்றால் எல்லாருக்கும் தெரியும். அதன் பிரதான வேலை அரசு நிறுவனங்களுக்குக் காவலாளிகளை அனுப்புவது. அதனால் ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை கொதிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இரவோடு இரவாக ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டவரை ஒரு கிடங்கு வாசலில் உட்காரவைத்துவிட்டு, நம் அரசு கட்டிய பாலத்தின் கதையைப் பார். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணைக்குக் குறுக்கே 16 கோடி ரூபாயில் கட்டி 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் வெள்ளம் கொண்டுபோனது. பாலம் போடத் தெரிந்தவர் கிடங்குக்குக் காவல். பாலத்துக்குக் காவல் ஆண்டவன்.

அக்னிவீர் என்றால் இன்னும் சுருக்கம். 2022 ஜூன் 14 அறிவிப்பு: படையில் நாலு வருஷம், ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது. கையில் சுமார் 11.71 லட்சம். நூற்றுக்கு 25 பேர் தொடரலாம். மீதி 75 பேரை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஐந்தே நாளில் பா.ஜ.க. தலைவர்களில் ஒருவரான கைலாஷ் விஜய்வர்கியா இந்தூரில் மனசைத் திறந்தார்: கட்சி அலுவலகத்துக்குக் காவலாளி வைப்பதானால் அக்னிவீருக்கே முன்னுரிமை கொடுப்பாராம். கூச்சல் எழுந்ததும் திரித்துவிட்டார்கள் என்றார். திரிக்க அதில் என்ன இருக்கிறது? அரசாணைகள் பின்னால் சொன்னதை அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார், அவ்வளவுதான். 2024 ஜூலையில் ஹரியானா, அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு அறிவித்தது: போலீஸ் கான்ஸ்டபிள், வனக் காவலர், சுரங்கக் காவலர், சிறை வார்டர். காட்டு வாசல், சுரங்க வாசல், சிறை வாசல். அக்டோபரில் சட்டமன்றத் தேர்தல் இருந்தது என்பது தற்செயல்.

இடஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம் என்று விதி இருக்கிறது. 2021 ஜூன் நிலவரப்படி அரசின் மறுவாழ்வு இயக்ககம் தந்த கணக்கில், மத்திய அமைச்சகங்களின் அந்தப் பிரிவில் உண்மையில் இருந்தவர்கள் 1.3 சதவீதத்துக்கும் குறைவு. ராணுவத்தை நடத்துகிற டில்லியின் யோக்கியதையே இது. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதி, இடத்தை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு குமாஸ்தாவின் பேனா போதும். எல்லையில் நிற்கத் தகுதியானவர், எழுத்தர் நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாமல் போகிறார்.

தமிழ்நாடு தன் பங்குக்கு 2024 சுதந்திர தினத்தன்று கோட்டைக் கொத்தளத்திலிருந்து 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தது. தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். வாசலைத் தாண்டி யோசித்த ஒரே காரணத்துக்காக இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கடன் கொடுப்பது கோட்டை இல்லை, வங்கி. வங்கி மேலாளருக்குப் பதக்கம் பிணையம் ஆகாது. காக்கிற கரம் கொத்தளத்தில் கொடி ஏற்றிவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. கையெழுத்துப் போடுகிற கரம் பட்டாவைக் கேட்கிறது.

டிசம்பர் 7 வந்தால் கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. அன்றைக்கு மாநில அரசுகள் மாவட்டத்துக்கு இவ்வளவு, துறைக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து வசூல் பண்ணும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கும். எதற்கோ அலுவலகம் போனவர் கையில் நாலு கொடியைத் திணித்துக் காசு கேட்பார்கள். இலக்கைத் தாண்டிய ஆட்சியருக்குக் கேடயமும் கைத்தட்டலும் கிடைக்கும். மக்கள் மனமுவந்து கொடுப்பதில் எனக்கு வழக்கில்லை; கொடுங்கள். ஆனால் லட்சம் கோடிகளில் பட்ஜெட் போடுகிற அரசு, தன் வீரனின் விதவைக்கு உதவ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தின்பண்டக் காசை எதிர்பார்ப்பதை நலத்திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். உரிமையாக எழுதி வைக்க வேண்டியதை உண்டியலில் போட்டிருக்கிறார்கள்.

கேட்டால் ஒவ்வொருவர் கையும் அடுத்தவரைக் காட்டும். பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பார் மாநில அமைச்சர். மறுவாழ்வும் நலமும் மாநிலத்தோடு பகிர்ந்த பொறுப்பு என்பார் மத்திய அமைச்சர். நிலம் ஒதுக்கும்போது மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தது. அறிவிக்கை போடும்போது இருந்தது. தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டும்போது இருந்தது. வேலை கொடுக்கும்போது மட்டும் அரசியல் சட்டம் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது.

ஒன்றும் கடினமில்லை. நாட்டுக்காக இறந்தவரின் குடும்பத்துக்கு எல்லா மாநிலமும் ஒரே அட்டவணைப்படி, முப்பது நாளுக்குள், மேடையும் கேமராவும் இல்லாமல் வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கிய இடங்களில் எத்தனை நிரம்பியது, எத்தனை திசைமாறியது என்று ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ராணுவத்தில் கற்ற தொழிலைப் பொதுப்பணிக்கும் மருத்துவமனைக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் தகுதியாக ஏற்க வேண்டும். முகாமுக்கோ சுடுதளத்துக்கோ நிலம் எடுப்பதானால் அந்த ஊர் கிராம சபையைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பணத்தைவிட வெட்கம்தான் அதிகம் தேவை.

அக்னிவீரர்களின் முதல் அணிகளுக்கு நாலு வருஷம் 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்குகிறது. இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். உங்கள் தொகுதிக்கு வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் தியாகத்தைப் பற்றிப் பேசவிடாதீர்கள். அது அவர்களுக்கு மனப்பாடம். உயிரோடு வந்து நிற்கிற இந்தப் பையனுக்கு எந்தத் துறையில், எத்தனை இடம், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு வீட்டு வாசலைக் காட்டுங்கள். வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களும் ஒரு முறை தெரிந்துகொள்ளட்டும்.